ஆவரங்கேணிக்கு ஒரு சுற்றுலா

சொந்த ஊருக்குள் போவதற்குத் தெரிந்த வழியெல்லாம் அடைபட்டுப் போன பிறகுதான் சுற்றுலாப் பயணிகளாகப் போவோம் என்று முடிவெடுத்தோம். யோசனை என்னுடையது அல்ல, பஸ் வைத்திருந்த அப்துல் றசாக்கினுடையது. ஆனால் ஒரு காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன் என்பதால் ஊரில் எந்தக் கோளாறு நடந்தாலும் அது என் தலையில்தான் வந்து விடியும். இதுவும் அப்படியே விடிந்தது.

எங்கள் ஊர் ஆவரங்கேணி. கொண்டச்சிக்குத் தெற்கே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலைப் பார்த்துக் கிடந்த சின்ன ஊர். சண்டை நெருங்கி வந்தபோது ஓடினோம். சண்டை முடிந்ததும் எல்லோரும் அவரவர் ஊருக்குத் திரும்பலாம் என்று றேடியோவில் சொன்னார்கள். எங்கள் ஊரில் மட்டும் கடற்படை முகாம் போட்டிருந்தது. அரசாங்கக் கச்சேரிக்குப் போனால் முகாமில் கேட்கச் சொன்னார்கள். முகாமில் கேட்டால் கொழும்பில் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் முருங்கனுக்கு அங்காலே ஒரு காட்டை வெட்டி, வரிசையாகத் தகரக் கொட்டில் போட்டு, இதுதான் உங்கள் மீள்குடியேற்றம் என்று காட்டினார்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்தத் தகரத்தின் கீழே மனிதர் இருக்க முடியாது. நாங்கள் இருந்தோம்.

நாங்கள் சுற்றுலாப் போன வருடம் முகாமுக்குள் கிடந்த எங்கள் கடற்கரையைச் சனம் பார்க்கத் திறந்துவிட்டார்கள். தெற்கிலிருந்து வருகிற சுற்றுலா பஸ்கள் மன்னார்க் கோட்டையைப் பார்த்து, பெருக்கமரத்தைப் பார்த்து, முத்துக்குளிப்புக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை அரிப்பு ஊரில் கட்டிய பங்களாவைப் பார்த்து, பிறகு நேரே எங்கள் ஊருக்குள் போய்க் கடலில் குளித்துச் சோறு தின்றுவிட்டு வந்தன. றசாக் அப்படி ஓட்டங்கள் ஓடியிருக்கிறார். அவர் முசலி ஆள். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை விரட்டியபோது உடுத்த சாரத்தோடு புத்தளத்துக்குப் போய், அங்கே அகதியாக இருந்து தலை நரைத்துத் திரும்பியவர். ஊர் இழந்தவனின் வயிற்றெரிச்சல் அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"ஊர்க்காரன் எண்டு போனாத்தான் வாசல்ல மறிப்பான் மனேச்சர். ஊர் பாக்க வந்தவன் எண்டு போங்க, சிரிச்சுக்கொண்டு உள்ள விடுவான்" என்றார்.

எங்களுக்கெல்லாம் ஊரைப் பார்க்கிற ஆசை. யோகராசாவின் வீட்டுக்கு மட்டும் அது ஆசை அல்ல, ஒரு பிள்ளையின் உயிர்.

யோகராசா எங்கள் கண்ணகை அம்மன் கோயிலின் பூசாரி. பூசாரி என்றால் வைகாசிப் பொங்கலுக்கும் வெள்ளிக்கிழமைக்கும்தான், மற்ற நாளில் எங்களைப்போல வயல் செய்தவர். இப்போது முருங்கன் பக்கம் மற்றவர்களின் வயலில் கூலிக்கு நெல் அருவி வெட்டுகிறார். மனைவி இராசேஸ்வரி. ஒரே மகள் தக்சிகா.

ஊரை விட்டு ஓடும்போது அம்மனைக் கோயில் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு ஓடுவது எங்கள் வழக்கம். வெட்டவெளியில் அநாதையாக விட்டுவிட்டுப் போகக்கூடாது. தண்ணீருக்குள் அவள் குளிர்ந்து இருப்பாள். ஆனால் சும்மா இறக்கக்கூடாது, எப்போது வந்து எடுப்போம் என்று தவணை சொல்லித்தான் இறக்கவேண்டும். என் காலத்திலேயே இரண்டு தடவை அப்படி இறக்கி எடுத்திருக்கிறோம். யோகராசாவின் தகப்பன் தந்திரக்காரர். "ஊர் அடங்கின பிறகு" என்று நாள் குறிக்காமல் சொல்லித் தப்பிக்கொள்வார்.

கடைசித் தடவை, செல் குண்டு விழுந்த அன்று யோகராசா ஊரில் இல்லை, ஆசுபத்திரியில் தாயோடு நின்றார். ஊர் ஓடிக்கொண்டிருந்தது. இராசேஸ்வரி தனியே கோயிலுக்குள் போய் அம்மனைத் தூக்கினாள். கருங்கல் சிலை, கைக்குழந்தையின் உயரம் இருக்கும், பாரமோ அதைவிடக் கூட. இடுப்பில் தும்புக் கயிறு கட்டி இறக்கினாள். கயிற்றின் மற்றத் தலைப்பைப் பிடிக்க ஆளில்லை. பக்கத்தில் நின்ற தக்சிகாவின் கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடி பிள்ளை, விட்டிடாதை" என்றாள். தவணை சொல்லவேண்டிய நேரத்தில் மேற்கே இன்னொரு செல் விழுந்தது. பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"பிள்ளையாணை, நாளைக்கு வந்து எடுப்பன் தாயே."

சிலை தண்ணீருக்குள் போன பிறகும் பிள்ளை கயிற்றை விடவில்லை. விடாதே என்றுதானே தாய் சொன்னாள். இராசேஸ்வரி அந்தச் சின்னக் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இதை அவளே எங்கள் எல்லோருக்கும் சொல்லி அழுதிருக்கிறாள். பெற்ற பிள்ளையின் தலையில் ஆணை வைத்து, நாளைக்கு என்று நாளும் குறித்த பூசாரி வீட்டுப் பெண்ணை எங்கள் சனம் லேசில் விடுமா? வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பிறகு பிள்ளையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

தக்சிகாவின் கைகள் கொட்டிலுக்கு வந்த வருடம் மூடத் தொடங்கின. முதலில் நித்திரையில் மட்டும், இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொத்திக்கொண்டு படுப்பாள். பிறகு பகலிலும். பென்சில் பிடிக்க முடியாமல் பள்ளிக்கூடம் நின்றது. சோற்றைத் தாய்தான் ஊட்டவேண்டும். கேட்டால் ஒரே பதில்தான்: "கயிறு கனக்குது அம்மா." விரல்களைப் பலவந்தமாக விரித்துப் பார்த்தால் உள்ளங்கையில் குறுக்காகச் சிவந்த தடம் இருக்கும், தும்புக் கயிறு உரசினது போல. மன்னார் ஆசுபத்திரியில் தோல் வியாதி என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். பூசினோம், தடம் பளபளவென்று மினுங்கியது.

அதோடு நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். உச்சி வெயிலில், எல்லோரும் கண்ணயர்கிற நேரம் பார்த்து அவள் கிணற்றடிக்குப் போகத் தொடங்கினாள். குடியிருப்பில் எங்கள் எல்லோருக்கும் ஒரு கிணறு. அதன் கட்டுச்சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு, மூடின கைகளை உள்ளே நீட்டி நிற்பாள், யாரோ கீழிருந்து இழுப்பதுபோல உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். ஒரு தடவை நானே ஓடிப்போய்ச் சட்டையில் பிடித்திழுத்தேன். கால் இரண்டும் நிலத்தில் இல்லை. அன்றைக்குப் பிறகு இராசேஸ்வரி தன் சேலைத் தலைப்பைப் பிள்ளையின் இடுப்பில் முடிந்துகொண்டுதான் வேலை செய்தாள்.

ஆகவே எங்கள் சுற்றுலாவுக்கு ஒரு திட்டம் இருந்தது. அம்மனை எடுக்கவேண்டும், ஆணையைத் தீர்க்கவேண்டும். நான் படம் பிடிப்பதுபோலக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கமராவை விழுத்துவேன். கமராவை எடுக்கவென்று யோகராசா கிணற்றுக்குள் இறங்குவார். மூழ்கி அம்மனைத் தொட்டு, தவணை முடிந்தது எழும்பு தாயே என்று சொல்வார். மேலே தூக்கிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றுவதை றசாக் பார்த்துக்கொள்வார். இப்போது எழுதும்போது இது எவ்வளவு மொக்குத்தனமான திட்டம் என்று தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே கெட்டித்தனம் அதுதான். கமரா என் மருமகனுடையது, பிலிம் இல்லாத பழைய கமரா.

புறப்படுகிற அன்று குடியிருப்பே வேடம் கட்டினது. யோகராசா கலியாணத்துக்குப் பிறகு முதல்முறையாகக் காற்சட்டை போட்டார். பெண்கள் றொட்டியும் சம்பலும் கட்டி, மச்சம் மாமிசம் இல்லை என்று சத்தியம் செய்து ஏறினார்கள். றசாக் எல்லோரையும் இருத்தி வைத்துப் பாடம் நடத்தினார். வெற்றிலை போடவேண்டாம். ஊருக்குள் போனதும் மரங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டாம். கடலைக் கண்டால் முதல்முதல் காண்கிறவர்கள்போல ஆச்சரியப்படவேண்டும். அழுகிறவர்கள் பஸ்ஸுக்குள்ளேயே இருக்கவேண்டும்.

சுற்றுலா என்றால் சுற்றத்தானே வேண்டும். திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்தோம். கோட்டைச் சுவரில் சாய்ந்து நின்றோம். பெருக்கமரத்தின் அடியைச் சுற்றிக் கைகோத்து நின்றபோது சனம் உண்மையாகவே சிரித்தது. அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம். தக்சிகா மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. தாயின் மடியில் மூடின கைகளை வைத்துக்கொண்டு தெற்குப் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

தள்ளாடியிலிருந்து தெற்கே திரும்பியதும் செம்மண் புழுதி பஸ்ஸுக்குள் வந்தது. அருவியாற்றுப் பாலம் தாண்டினோம். அரிப்பில் துரையின் பங்களா பாதி இடிந்து கடலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. யாரும் இறங்க விரும்பவில்லை. றசாக் மட்டும் பாடம் பிசகாமல், "எல்லாரும் வலப்பக்கம் பாருங்க" என்றார். பார்த்தோம். திரும்பியபோது இராசேஸ்வரி என் தோளைத் தட்டினாள். கண்ணால் காட்டினாள். பிள்ளையின் கைகள் மடியில் இல்லை. இரண்டும் முன்னே நீண்டு, முன் ஆசனத்துக்கு மேலாக அந்தரத்தில் நின்றன. பஸ் குழியில் விழுந்து எழும்பியபோது எங்கள் எல்லோருடைய உடம்பும் ஆடியது, அந்தக் கைகள் ஆடவில்லை. இழுத்துக் கட்டின கயிற்றின் நுனியில் கட்டிவைத்ததுபோல நின்றன.

"இஞ்சாருங்கோ, பஸ்ஸைத் திருப்பச் சொல்லுவமே?" என்று அவள் கணவனிடம் கேட்டாள்.

யோகராசா பிள்ளையின் தலையைத் தடவினார். "அம்மன் இவ்வளவு தூரம் இழுத்துப்போட்டா. இனித் திருப்பினால் கையைப் பிய்ச்சிடுவா" என்றார்.

கொண்டச்சிச் சந்தி தாண்டி, பற்றைக்காடு தாண்டி, தடைமரம் வந்தது. றசாக் இறங்கிச் சிங்களத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். அடையாள அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அதில் எங்கள் விலாசம் எப்போதோ மாறியிருந்தது. தடைமரம் எழும்பியது. ஒரு கடற்படைக்காரர் வழிகாட்டியாக ஏறிக்கொண்டார். மெலிந்த மனிதர், நடுவயது, கொஞ்சம் தமிழ் பேசினார். இறக்கிவிட்டு எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்.

ஊர் பாழடைந்து கிடக்கும் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டு போயிருந்தோம். அப்படி இருக்கவில்லை. மணலில் ஒரு சருகு இல்லை, விளக்குமாற்றின் கோடுகள் மட்டும் இருந்தன. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கல் அடுக்கியிருந்தது. வேலிகள் இல்லை. வீடுகளில் பாதி இல்லை, இருந்தவற்றுக்குப் பச்சைப் பூச்சு. நாய் குரைக்கவில்லை, கோழி கத்தவில்லை, காகம்கூட எங்கேயோ தூரத்தில்தான் கேட்டது. எங்கள் காலடிகள் கூட்டின மணலில் பதிவதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது, செத்த வீட்டுக்குள் செருப்போடு போனதுபோல.

"முன்ன இங்க ஆள் இல்ல. காடு மட்டும்" என்றார் வழிகாட்டி.

நாங்கள் தலையாட்டினோம். என் சங்கக்கடை நின்ற இடத்தில் நின்றுகொண்டு நானும் ஆட்டினேன். சந்தியோகு என்று ஒரு மனிதர், எங்களுக்குள் இருந்த, மாதா கோயிலுக்குப் போகிற ஒரே வேதக்காரர், தன் சொந்த முற்றத்து வேம்பின் கீழ் நின்று, இதில் கொஞ்சம் இருக்கலாமா என்று அனுமதி கேட்டார். இருக்கலாம் என்று சொன்னதும் "நல்ல இடம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

கோயிலடி வந்தது. கோயில் இல்லை. கிணறு இருந்தது, ஆனால் வாய்க்கு மேலே இரும்புக் கம்பி வலை அடித்துப் பூட்டியிருந்தது. என் கையிலிருந்த கமராவை எங்கே விழுத்துவது? யோகராசா என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். அப்போதுதான் இராசேஸ்வரி கையை நீட்டிக் காட்டினாள்.

கிணற்றுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட சின்னக் கொட்டில். அதற்குள் அம்மன் நின்றாள்.

எங்கள் அம்மன்தான். இடது கன்னத்தில் உளி தவறின அந்த வடு இருந்தது. சிவப்புப் பட்டு உடுத்தியவளுக்கு வெள்ளைச் சேலை சுற்றியிருந்தார்கள். முன்னால் தேங்காயெண்ணெய் விளக்கு எரிந்தது. புதிதாகப் பறித்த பூ இருந்தது. இடுப்பில் இராசேஸ்வரி கட்டின அதே தும்புக் கயிறு, அதே முடிச்சு. மிச்சக் கயிற்றைச் சுருட்டிக் காலடியில் வைத்திருந்தார்கள்.

"பத்தினி தெய்யோ" என்று, கண்ணகையைச் சிங்களத்தில் கூப்பிடுகிற பேரைச் சொல்லி வழிகாட்டி தொப்பியைக் கழற்றினார். பிறகு, யாரும் கேட்காமலே, தெரிந்த தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார். "நாங்க வந்த முதல் நாள். முந்தின நாள் செல் அடிச்சது. காலைல தண்ணிக்கு இந்தக் கெணறு பாத்தது. கயிறு மேல நிக்குது. தண்ணிக்கு மேல, நேரா. ஆள் புடிச்ச மாதிரி. நான்தான் இழுத்தது."

செல் அடித்த மறுநாள். இராசேஸ்வரி சொன்ன நாளைக்கு. அம்மன் ஒரு நாள்தான் தண்ணீரில் இருந்திருக்கிறாள். இத்தனை வருடமும் நாங்கள் அழுதபோதெல்லாம் அவள் வெயிலில் உலர்ந்து, பூவும் விளக்குமாக நின்றிருக்கிறாள். எனக்குச் சந்தோசப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை என்றார் அவர். ஒருவன் கத்தி வைத்தான், கை வீங்கிப்போயிற்று, பிறகு விட்டுவிட்டார்கள். கயிறு உக்கவும் இல்லை. "இந்த நுனி எப்பவும் ஈரம்" என்று காலடியைக் காட்டினார். கொட்டிலுக்குள் காய்ந்த மணல். கயிற்றின் தலைப்பில் மட்டும் தண்ணீர் சொட்டி ஒரு சின்ன வட்டம் கறுத்திருந்தது.

விளக்கின் திரி கருகத் தொடங்கியது. யோகராசாவின் கை தன்பாட்டில் போய் அதைத் தூண்டி, விரலில் பட்ட எண்ணெயைத் தன் தலையில் தடவியது. பூசாரியின் கை அப்படித்தான் செய்யும். வழிகாட்டி அதைக் கண்டார்.

"ஐயா எந்த ஊர்?"

இந்த ஊர்தான் என்று உண்மையைச் சொல்ல ஒரு சொல் போதும். சொன்னால் இந்த வாசல் இனி எங்களுக்குத் திறக்காது.

"வவுனியா" என்றார் யோகராசா. "சுத்திப் பாக்க வந்தனாங்கள்."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புழுதி என்று துடைத்தார். வழிகாட்டி எண்ணெய்ப் போத்தலை எடுத்து அவர் கையில் கொடுத்து, விளக்குக்கு ஊற்றச் சொன்னார்.

அந்த நேரம் தக்சிகா நடந்துபோய் அம்மனின் காலடியில் குந்தினாள். ஈரமான கயிற்றுத் தலைப்பு அவளுடைய மூடின கைகளுக்குள் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், விரல் விரிந்ததை நான் காணவில்லை, ஆனால் கயிறு உள்ளே இருந்தது. பிள்ளையின் முகத்தில் வேதனை இல்லை. நெடுநேரம் நின்றவர் கதிரையைக் கண்டதுபோல ஓர் ஆறுதல். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இவள் இனி இங்கிருந்து எழும்பமாட்டாள் என்று பட்டது.

இராசேஸ்வரி பக்கத்தில் முழந்தாளிட்டாள். கும்பிட வந்த பயணியைப்போலக் குனிந்தாள். நான் அருகே நின்றதால் கேட்டேன்.

"அவ வெளியிலை வந்திட்டா. நான்தான் சொன்ன நாளுக்கு வரேல்லை" என்றாள் பிள்ளையிடம். "விடு பிள்ளை. இப்ப அம்மா பிடிக்கிறன்."

இந்தமுறை அவள் பிடுங்கவில்லை. பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி விரித்தாள். விரிந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். கடைசி விரல் விட்டதும் இராசேஸ்வரியின் உடம்பு ஒருதரம் முன்னே இழுபட்டது. நெற்றி அம்மனின் காலில் மோதியது. அப்படியே கிடந்து சொன்னாள்.

"பிள்ளையாணையைத் தூக்கிட்டன் தாயே. இனி என்னாணை. நாள் சொல்லேல்லை. வருவன்."

தக்சிகா எழும்பி நின்று இரண்டு உள்ளங்கையையும் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சொறிந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தன் கையாலேயே மூக்கைச் சொறிகிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வழிகாட்டி என் கமராவைக் கேட்டு வாங்கினார். குடும்பத்தை அம்மனுக்கு முன்னால் நிறுத்தி, சிரிக்கச் சொன்னார். சிரித்தார்கள். அவர் பொத்தானை அமத்தினார். பிலிம் இல்லை என்று எப்படிச் சொல்வது? திட்டத்திலிருந்த சாக்கு பஸ்ஸிலேயே கிடந்தது. அம்மனைக் கேட்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

திரும்பி வரும்போது சிலாபத்துறையில் றசாக் பஸ்ஸை நிறுத்தி எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ வாங்கித் தந்தார். சனம் றொட்டிப் பொதிகளை அவிழ்த்தது. தக்சிகா தன் பொதியைத் தானே பிரித்து, சம்பல் வழிய வழியத் தின்றாள். யோகராசா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிட மறந்துபோனார். பிள்ளை கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது தாயின் பொதி மடியில் கட்டவிழாமல் கிடந்தது. அதன் மேல் இராசேஸ்வரியின் கைகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொத்தியபடி இருந்தன. முகம் ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

தக்சிகா பக்கத்தில் இருந்து பொதியை அவிழ்த்தாள். றொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்தாள்.

"கனக்குதோ அம்மா?"

"ஓம்" என்றாள் இராசேஸ்வரி.

"வாயைத் திறவுங்கோ" என்று பிள்ளை ஊட்டத் தொடங்கினாள்.